சித்திரைக்கு வீடு வந்தவர்கள்



சித்திரை வருடப்பிறப்பைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் பஞ்சாங்கத்திலிருந்தே தொடங்குவார்கள். சூரியன் மேட இராசியிற் புகும் வேளை எது, விஷு புண்ணியகாலம் எப்போது ஆரம்பிக்கின்றது, தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை, உடுக்கவேண்டிய ஆடையின் நிறம் என்ன என்பனவெல்லாம் அங்கே உண்டு. யாழ்ப்பாணத்தில் இதற்கும் இரண்டு கட்சிகள். கொக்குவில் இரகுநாதையரின் வாக்கிய பஞ்சாங்கத்தைக் கைக்கொள்ளும் வீடும் திருக்கணிதத்தைக் கைக்கொள்ளும் வீடும் ஒரே வேலியின் இருபுறத்திலும் நின்று வெவ்வேறு நேரத்தில் மருத்துநீர் வைப்பதை நான் கண்டிருக்கின்றேன். அந்த வழக்கைத் தீர்ப்பதற்கு நான் இன்று வரவில்லை. பஞ்சாங்கம் சொல்லாத ஒன்றைப் பற்றியே பேச விரும்புகின்றேன். அந்த நாளில் வீட்டில் யார் யார் இருந்தார்கள், அவர்கள் எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதே அது.

"உற்றார் உறவினர் அனைவரும் தொன்றுதொட்டு ஒன்றுகூடி மகிழும் திருநாள்" என்ற வாக்கியத்தை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களின் கட்டுரைக் கொப்பிகளிலே படிக்கின்றேன். பண்டிகை தொன்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஐம்பது அறுபது பேர் ஒரு கூரையின் கீழே படுத்து எழும்பி, ஒரே பந்தியில் உண்டு, ஒருவர் கையாற் கைவிசேடம் பெறும் அந்தக் கூடல் இருக்கின்றதே, அது தொன்றுதொட்டு வந்ததா என்பதில் எனக்குப் பலத்த ஐயம் உண்டு. அதற்கு ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட வயதுதான் இருக்கும் என்பது என் கருத்து. பக்கத்துப் பக்கத்து வளவுகளில் வாழ்பவர்கள் ஒன்றுகூடவேண்டிய அவசியம் இல்லை. அவர்கள் நாள்தோறும் கிணற்றடியிலே கண்டுகொள்கிறார்கள். போனவர்கள் இருந்தால்தானே வருகிறவர்கள் இருப்பார்கள்?

நமது பழைய இலக்கியங்களும் இதற்கு மாறாகச் சாட்சி சொல்லவில்லை. சித்திரைத் திங்களிலே புகார் நகரத்தில் நிகழ்ந்த இந்திர விழாவைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கின்றது. அது இருபத்தெட்டு நாள் விழா என்பது மணிமேகலையால் அறியப்படுகின்றது. ஆனால் அது நகரத்தின் விழா. வீதியும் மன்றமும் கடற்கரையும் அங்கே வருகின்றன. பேரப்பிள்ளைகள் வந்து இறங்கும் பாட்டியின் வீடு வரவில்லை. சங்கப் பாடல்களில் வீடு திரும்புதல் பெரிய பொருள்தான். முல்லைத் திணை முழுவதும் அதுவே. கார்காலத்துக்கு வருவேன் என்று சொல்லிப் போனவன் வருகிறானா என்று அங்கே ஒருத்தி காத்திருக்கின்றாள். ஆனால் காத்திருப்பவள் ஒருத்தி, வருபவன் ஒருவன். குடும்பம் முழுவதும் குறித்த ஒரு நாளிற் புறப்பட்டு வருவதற்கு அந்த இலக்கியத்தில் இடமில்லை. அந்தக் காலத்தில் அதற்கு வண்டியும் இல்லை.

கூட்டுக்குடும்பம் என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் விலக்கி வைக்கவேண்டும். இந்தியக் கதைகளிலும் திரைப்படங்களிலும் கண்ட கூட்டுக்குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை. ஒல்லாந்தர் 1707 இலே தொகுப்பித்து, ஆங்கிலேயர் 1806 இலே சட்டவலுக் கொடுத்த தேசவழமையைப் பாருங்கள். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து அங்கே வகுபட்டுக் கிடக்கின்றது. பெண்ணுக்குச் சீதனமாக வீடு வளவு போகும். ஆண்பிள்ளை மணம் முடித்தபின் பெரும்பாலும் மனைவியின் வீட்டிலே போய் இருப்பான். ஆகவே ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை குடும்பம் பிரிந்தே தீரும். தாயின் வீடு மகளின் வீடாகும். மாமன்மார் அந்த வீட்டுக்கு விருந்தாளிகளாகவே வருவார்கள். பிள்ளைகளுக்கு வருடப்பிறப்பு என்றால் அம்மம்மா வீடு என்று நம்மிற் பலருடைய நினைவில் பதிந்திருப்பது பாசத்தினால் மட்டும் அன்று. உறுதி எழுதிய நொத்தாரிசுக்கும் அதிற் பங்குண்டு.

இந்தக் குடும்பங்கள் தூரத்தாலும் பிரியத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் நில அளவைப் பகுதிக்கும் கிளாக்கர் வேலைக்கும் கப்பலேறினார்கள். பின்னர் 1902 இலே காங்கேசன்துறைப் பக்கத்தில் தண்டவாளம் ஓடத் தொடங்கி, 1905 இலே அது தெற்கோடு தொடுக்கப்பட்டது. அதன்பின் கொழும்பும் கண்டியும் அநுராதபுரமும் ஓர் இரவுப் பயணத் தூரத்துக்குள் வந்துவிட்டன. காசுக்கட்டளையிலே வாழும் ஊர் என்று யாழ்ப்பாணத்துக்குப் பெயர் வந்தது அந்தக் காலத்தில்தான்.

சரி, கூடுவதற்கு ஏன் சித்திரையைத் தெரிந்தெடுத்தார்கள்? சைவக் குடும்பங்களுக்குத் தைப்பொங்கல் இல்லையா, தீபாவளி இல்லையா? இதற்கு விடை சமயத்தில் இல்லை, கந்தோரில் இருக்கின்றது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு நாள்தான் விடுமுறை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரு நாள் விடுமுறையிலே வந்தால் பொங்கற் பானையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். சித்திரை வருடப்பிறப்போ சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவான பண்டிகை. நாடே அடங்கிவிடும். கந்தோர் பூட்டு, கடை பூட்டு, பாடசாலைத் தவணை விடுமுறையும் அதனோடு சேர்ந்து வரும். அரசாங்க உத்தியோகத்தருக்கு வருடத்திற் சில தடவை கிடைக்கும் இலவசப் புகையிரத 'வாறண்ட்' ஒன்றை மனைவிமார் சித்திரைக்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பம் தன் பெரிய கூடலுக்குரிய நாளைத் தெரிந்தெடுத்ததிற் சிங்கள அயலவனுடைய கொண்டாட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை எவரும் மேடையிலே சொல்லிக் கேட்டதில்லை. ஆதலால் நான் இங்கே சொல்கின்றேன்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை அறியாத பிள்ளை நம்மிடையே இல்லை. கூழையும் கொழுக்கட்டையையும் பற்றியது என்றே அதை நினைவில் வைத்திருக்கின்றோம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் மகிழ்ச்சி தொடங்குவது நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பதிலிருந்து அல்லவா? 1878 இலே பிறந்து ஆசிரியத் தொழில் செய்த புலவருக்கு, புதிய காலத்தின் பண்டிகை மணியடிக்கும் பள்ளிக்கூடத்தின் நிழலிலேதான் பிறக்கின்றது என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

இவ்வளவும் பொது வரலாறு. இனி ஒரு வீட்டின் வரலாற்றுக்கு வருகின்றேன். கோண்டாவிலில் இருந்த எங்கள் அம்மம்மாவின் நாற்சார் வீட்டைப் பற்றி நான் அறிந்தவற்றிற் பெரும்பகுதி அவர் வாய்மொழியாகச் சொன்னது. எஞ்சியது ஒரு கொப்பியில் இருக்கின்றது. அம்மம்மாவின் தகப்பனார் மலாயாவிலே புகையிரத நிலையக் கிளாக்கராக இருந்து, பென்சன் பெற்று வந்தவர். வந்தும் பேரேட்டுப் பழக்கம் அவரை விடவில்லை. தாது வருடம், அதாவது 1936 சித்திரையில், கைவிசேடம் யார் யாருக்குக் கொடுத்தேன், எவ்வளவு கொடுத்தேன் என்று எழுதத் தொடங்கினார். அவருக்குப் பின் அம்மம்மா எழுதினார். 2011 இலே அவர் காலமாகும் வரை, சில ஆண்டுகள் தவிர, அது தொடர்ந்தது. கோயிற் கல்வெட்டு அரசனின் கொடையைச் சொல்லும். இந்தக் கொப்பி ஒரு குடும்பத்தின் தலைகளை எண்ணிச் சொல்கின்றது.

1936 இன் பக்கத்திலே பிள்ளைகளுக்குப் பத்துச் சதம், வளர்ந்தவர்களுக்கு இருபத்தைந்து சதம், மருமக்களுக்கு ஒரு ரூபா. பத்துச் சதம் வாங்கியவர்களில் பத்து வயது அம்மம்மாவும் ஒருவர். வெற்றிலையில் நெல்லும் பூவும் குற்றியும் வைத்துக் கொடுத்தபோது, குற்றியை எடுத்துக்கொண்டு வெற்றிலையைக் கீழே போட்டதற்காகக் குட்டு வாங்கியதும் அவருக்கு நினைவிருந்தது. அது கொப்பியில் இல்லை.

அந்த வீட்டுச் சித்திரை ஒரு கிழமைக்கு முன்பே தொடங்கிவிடும். பயறு வறுக்கும் மணம் புகையிரத நிலையம் வரை போகும் என்பார் அம்மம்மா. அதை நான் முழுவதும் நம்பவில்லை. முதலிற் பயற்றம் பணியாரம், பிறகு முறுக்கு, சிப்பி, கடைசியாக அரியதரம். அரியதரத்துக்குப் பாகு பிசகினால் எல்லாம் பிசகிப் போகும். ஆகையினால் தாச்சியடியில் இருப்பவர் பெரியம்மாவாகத்தான் இருக்கவேண்டும். சுட்டவற்றை மூடல் பெட்டிகளில் அடுக்கிப் பரணில் ஏற்றுவார்கள். வருடப்பிறப்புக்கு முதல்நாள் காலை இரவுத் தபால்வண்டி வந்து சேரும். நிலையத்திலிருந்து ட்ரங்குப் பெட்டிகளோடு மாட்டுவண்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்கைக்குள் திரும்பும். ஆண்கள் முன்விறாந்தையிலும் பிள்ளைகள் உள்முற்றத்தைச் சுற்றியும் பாய் விரித்துப் படுப்பார்கள். மறுநாள் கோயிலிலிருந்து மருத்துநீர் வரும். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு என்று அதற்குரிய சரக்குகளைப் பஞ்சாங்கம் அடுக்கிச் சொல்லும். சிறு பிள்ளைகளின் கண்ணில் அது பட்டால் வீடு அதிரும். பின்னேரம் வேப்பமரத்து ஊஞ்சல், ஒழுங்கையிலே போர்த்தேங்காய், வெளியிலே மாட்டுவண்டிச் சவாரி.

இவற்றைச் சொல்லும்போதெல்லாம் அம்மம்மாவின் முகம் மலர்ந்தே இருக்கும். ஆனால் ஒருநாள் நான் அந்தக் காலத்தை மிகவும் புகழ்ந்து பேசியபோது, "வருசப்பிறப்பண்டு நான் ஒருக்காலும் சுடுசோறு திண்டதில்லை மோனை" என்றார். ஆண்கள் பந்தி முதலில், பிள்ளைகள் அதோடு, வந்தவர்கள் பிறகு, சமைத்தவர்கள் கடைசி. ஐம்பது பேருக்குச் சமைத்த குசினியில் ஏழெட்டுப் பெண்கள் பின்னேரம் நாலு மணிக்கு ஆறிய சோற்றைப் பங்கிட்டுக்கொள்வார்கள். கூடலை எழுதும் நமது எழுத்தாளர்களிற் பலர் முதற்பந்தியில் இருந்தவர்கள் என்பதை இலக்கிய மாணவர்கள் மறந்துவிடக்கூடாது.

கொப்பியின் கடைசிப் பக்கங்களில் இன்னொரு பட்டியலும் உண்டு. "வளவுக்கு வந்தோர்" என்பது அதன் தலைப்பு. ஆடை வெளுப்பவர், முடி திருத்துபவர், பனை ஏறுபவர், தோட்டத்திலே கூலிவேலை செய்பவர் ஆகியோருக்குக் கொடுத்த அரிசி, வேட்டி, சில்லறை ஆகியவற்றின் கணக்கு அது. அவர்கள் பின்படலையால் வந்து பின்விறாந்தைக்குக் கீழே நின்று பெற்றார்கள். உறவினரின் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கின்றது. இந்தப் பட்டியலில் எவருக்கும் பெயர் இல்லை. தொழில் மட்டுமே உண்டு. தாத்தா கணக்கில் மிகவும் நேர்மையானவர் என்று சொல்வார்கள். சதக் கணக்கிலே நேர்மையாகத்தான் இருந்திருக்கின்றார்.

தலைகளை எண்ணிக்கொண்டு கொப்பியைப் புரட்டுகின்றபோது ஒன்று புலப்படுகின்றது. பட்டியல் எல்லா ஆண்டும் ஒரே அளவாக இல்லை. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே ஏறி இறங்கும் அது, சில ஆண்டுகளிலே திடீரென்று பெருத்துவிடுகின்றது. அந்த ஆண்டுகள் மகிழ்ச்சியான ஆண்டுகளாக இருக்கும் என்றுதான் நான் முதலில் எண்ணினேன்.

முதலாவது, சித்திரபானு வருடம், 1942. அந்த ஆண்டு பெப்ரவரி 15 இலே சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவிலிருந்து கடிதமும் காசும் நின்றுபோயின. ஏப்ரல் 5 இலே கொழும்பின்மீதும் 9 இலே திருகோணமலைமீதும் குண்டு விழுந்தது. கொழும்பை விட்டு ஓடக்கூடியவர்கள் ஊர்களுக்கு ஓடினார்கள். வருடப்பிறப்புக்கு எங்கள் வீட்டில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள். பர்மா அரிசியின் வரவும் நின்றுபோன காலம் அது. பலகாரத்துக்கு அரிசிமாவோடு குரக்கன்மாவைக் கலந்தார்கள் என்று அம்மம்மா சொன்னார். அந்தப் பக்கத்தில் மலாயாவில் இருந்த மூத்த மகனின் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றது. பெயருக்கு எதிரே தொகை இல்லை, ஒரு கோடு மட்டும் உண்டு. அடுத்த மூன்று ஆண்டுகளிலும் அந்தப் பெயரும் அந்தக் கோடும் வருகின்றன. 1946 இலே கோடு போய் இரண்டு ரூபா வந்திருக்கின்றது.

அதன்பின் அமைதியான நீண்ட காலம். 1956 ஏப்ரல் 23 இலே யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அந்த ஆண்டின் வருடப்பிறப்பு முடிந்து ஒன்பது நாளின் பின் வந்த வண்டி! ஆனால் அடுத்த ஆண்டுகளில் அதன் பயனைக் கண்டார்கள். காலையில் கோட்டையில் ஏறியவர்கள் மாலையிலே ஊரில் இறங்கினார்கள். அதே 1956 இன் ஜூன் மாதத்திலேதான் சிங்களம் மட்டும் சட்டமும் வந்தது. வீட்டுக்கு விரைவாக வரும் வண்டியும், கந்தோரிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சட்டமும் ஒரே ஆண்டின் பிள்ளைகள். 1971 இலே பட்டியல் மிகவும் சிறுத்துவிட்டது. ஏப்ரல் 5 இலே கிளர்ச்சி வெடித்து நாடெங்கும் ஊரடங்கு. கொழும்பிலிருந்து ஒருவரும் வரவில்லை. சுட்ட பலகாரத்தை அயலுக்குக் கொடுத்து முடித்தார்களாம்.

அடுத்து, 1984. முந்திய ஜூலையில் நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. 1983 சித்திரையிலே பிறந்த வருடத்தின் பெயர் உருத்திரோற்காரி. இரத்தத்தைக் கக்குவது என்று அதற்குப் பொருள் கூறுவர். பெயர்களிற் சகுனம் காண்பவன் அல்லன் நான். இருந்தாலும் அதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. லங்கா கல்யாணி கப்பலிலே காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்களில் எங்கள் மாமா குடும்பமும் சின்னம்மா குடும்பமும் இருந்தன. 1984 சித்திரையின்போதும் அவர்கள் கோண்டாவிலிலேயே இருந்தார்கள். எவரும் வண்டியால் வரவில்லை. எவரும் திரும்பிப் போகவும் இல்லை. பட்டியல் எழுபதைத் தாண்டியது. அதற்கடுத்த ஆண்டுகளில் பெயர்களுக்குப் பக்கத்திலே சிறிய எழுத்தில் ஊர்கள் தோன்றத் தொடங்குகின்றன: ஜேர்மனி, பிரான்ஸ், லண்டன், கனடா. 1990 ஜூனுக்குப் பின் புகையிரதமும் இல்லை.

நான் 1981 இலே பிறந்தவன். நினைவு தெரிந்தபின் நான் கண்ட சித்திரைகள் சிறியவை. மண்ணெண்ணெய் விளக்கும், சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியும், அம்மம்மாவும் நாங்களும். பெரிய கூடல் என்பது எனக்குக் கேள்விச் செல்வம். அதை நேரிலே கண்டது ஒரே ஒரு தடவை. அதுவும் எங்கள் வீட்டிலன்று.

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் நடந்து வெளியேறியது. நாங்கள் தென்மராட்சியில், மீசாலையிலே ஒரு வீட்டிற் போய் ஒதுங்கினோம். அந்த வீட்டுக்காரருக்கு எங்களை முன்பின் தெரியாது. ஆறு குடும்பங்கள் அங்கே இருந்தன. மாமரத்தின் கீழே கிடுகு சாத்தி இன்னும் இரண்டு. உறுதிகளை வைத்திருந்த பைக்குள்ளே அம்மம்மா அந்தக் கொப்பியையும் கொண்டுவந்திருந்தார். 1996 சித்திரை பிறந்தபோது வந்த வருடம் மீண்டும் தாது. கொப்பி தொடங்கி அறுபது ஆண்டு வட்டம் முழுமையாகச் சுற்றி வந்திருந்தது. தமிழ்நாட்டிலே 1876 இன் பெரும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்றே இன்றும் சொல்வார்கள். அங்கிருந்த ஒரு முதியவர் அதை எடுத்துச் சொல்லப்போக, அம்மம்மா அவரை வாய்மூடச் செய்தார். "தாதுவிலைதான் எனக்குப் பத்துச் சதம் கிடைச்சது" என்றார்.

அன்றைக்குப் பலகாரம் என்று சொல்ல அதிகம் இல்லை. அமெரிக்கன் மாவிலே செய்த முறுக்கு, பச்சையரிசி கொஞ்சம் தேடிப் பொங்கிய சர்க்கரைப் பொங்கல். மருத்துநீர் கோயிலில் இருந்து வந்தது. யாருடைய பஞ்சாங்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு அம்மம்மா ஒரு ரூபாய்க் குற்றிகளோடு திண்ணையில் இருந்தார். முதலில் வீட்டுக்காரருக்கு, அவர் வயதில் இளையவர் என்பதால். அதன்பின் அங்கிருந்த எல்லோருக்கும். அவர்களில் ஒருவர் கோண்டாவிலிலே எங்கள் வளவின் பனைகளில் நெடுங்காலம் ஏறியவர். அவரும் குடும்பமும் அந்த மாமரத்தின் கீழே இருந்தார்கள். அவர் பழக்கத்தினால் முற்றத்திலேயே தள்ளி நின்றார். அம்மம்மா திண்ணைக்கு ஏறி வரச் சொன்னார். அவர் ஏறவில்லை. இரண்டாந்தரமும் சொன்னார். பிறகு அம்மம்மாவே எழுந்து முற்றத்திலே இறங்கிக் கொடுத்தார். இரவு விளக்கடியில் இருந்து கொப்பி எழுதும்போது என்னை அழைத்து, அவருடைய பெயரைக் கேட்டு வரும்படி அனுப்பினார். கேட்டு வந்தேன். நாற்பதாண்டுகளாக அவர் "பனை" என்றே அந்தக் கொப்பியில் இருந்திருக்கின்றார்.

1996 இன் பக்கத்தில் ஒரே பட்டியல்தான் உண்டு. ஐம்பத்து மூன்று பெயர்கள். அவற்றில் இரத்த உறவு பதினொன்று. கடைசிப் பக்கத்துப் பட்டியல் அதற்குப் பின் எழுதப்படவில்லை. ஐந்தாறு நாட்களில், ஏப்ரல் 19 இலே, இராணுவ நடவடிக்கை தென்மராட்சிக்கு வந்தது. நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பினோம். அந்த ஐம்பத்து மூன்று பேரும் பிறகு ஒரு தடவையேனும் ஒன்றாகக் கூடியதில்லை.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பெரிய கூடல்களுக்கு இரண்டு தாய்கள் என்று இந்தக் கொப்பியைக் கொண்டு நான் கருதுகின்றேன். ஒருத்தி விடுமுறை, மற்றவள் அச்சம். முதலாமவள் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நான்காம் நாள் திருப்பி அனுப்பினாள். இரண்டாமவள் கொண்டுவந்தவர்களை எப்போது அனுப்புவாள் என்று எவருக்கும் தெரியவில்லை. நமது கதைகளும் கவிதைகளும் முதலாமவளை ஏக்கத்தோடு பாடின. இரண்டாமவளை அகதி இலக்கியம் என்று வேறோர் அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கின்றோம். இரண்டையும் ஒரே குடும்பத்தின் வரலாறாக வாசிப்பதே முறை என்று என் மாணவர்களுக்குச் சொல்லி வருகின்றேன்.

2002 ஏப்ரலிலே ஏ-9 பாதை திறந்தது. வந்த வருடம் மறுபடியும் சித்திரபானு. கொழும்பிலிருந்து மாமா பன்னிரண்டு ஆண்டுகளின் பின் வந்தார். அவருடைய பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டும் மரம் எது என்று தெரியவில்லை, அந்த மரம் இருக்கவும் இல்லை. 2006 இலே பாதை மீண்டும் மூடப்பட்டது. யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்து சேர 2014 ஒக்ரோபர் ஆயிற்று. வண்டி வந்துவிட்டது, இனிப் பழைய சித்திரை திரும்பும் என்று பலரும் எழுதினார்கள். அப்படி நிகழவில்லை. ஏனென்றால் குடும்பம் அப்போது கொழும்பில் இல்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருந்தது. அங்குள்ள பாடசாலைகளின் நீண்ட விடுமுறை ஜூலையிலும் ஓகஸ்டிலும் வருகின்றது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் அதே காலத்தையொட்டி வருகின்றன. இப்போது நமது வீடுகள் நிறைவது அந்த மாதங்களில். விமானச் சீட்டின் விலை மலையேறுவதும் அந்த மாதங்களில்தான். ஒரு காலத்திலே கொழும்புக் கந்தோரின் நாட்காட்டிக்கு ஏற்பக் கூடியவர்கள், இன்று ரொறன்ரோ பாடசாலையின் நாட்காட்டிக்கு ஏற்பக் கூடுகிறார்கள். 2020 சித்திரையிலோ ஊரடங்கினால் பக்கத்து வீட்டுக்காரர்கூட வரவில்லை. அன்று கைபேசித் திரையில் இருபது முகங்கள் தோன்றின. அவற்றிற் பாதிக்கு அப்போது நடு இரவு.

2010 ஓகஸ்டிலே கனடாவிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் நால்வருக்கு அம்மம்மா கைவிசேடம் கொடுக்க ஆயத்தமானார். புண்ணியகாலம் கடந்து நாலு மாதமான பின் கொடுப்பது கைவிசேடம் ஆகாது, அதை வெறும் சந்தோசக் காசு என்றுதான் சொல்லவேண்டும் என்று பெரியம்மா வாதாடினார். சாத்திரப்படி பெரியம்மா சொன்னது சரி. அம்மம்மா வெற்றிலையையும் நெல்லையும் எடுத்து வரச் சொன்னார். பூவுக்கு வேலியிலிருந்த செவ்வரத்தை போதும் என்றார். கொப்பியில் அந்த நான்கு பெயர்களும் சித்திரைப் பட்டியலின் கீழேயே, இடைவெளி விடாமல், எழுதப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் "ஆவணி" என்று மட்டும் குறித்திருக்கின்றார்.